தாத்தா பார்த்த சட்டசபை

கட்டடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அழகான கட்டடங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலில் மிஞ்சியிருக்கும் தூண்களைப் பார்த்துவிட்டு, மிஞ்சாமல் போன பகுதிகளை நினைத்துப் பெருமூச்சு விடாத கட்டுரையாசிரியர் உண்டா? தீயில் போன மூர் மார்க்கெட்டைப் பற்றி எத்தனை பேர் எழுதிவிட்டார்கள்! 1985இல் அது எரிந்தபோது நான் சின்னப் பையன். ஆனாலும் பிறர் எழுதியதைப் படித்துப் படித்து, அங்கே நானே பழைய புத்தகம் பேரம் பேசி வாங்கியதுபோல ஒரு மயக்கம்கூட எனக்கு உண்டு.

நான் எழுதப் போகும் கட்டடத்துக்கு அப்படி ஒரு புகழ் கிடையாது. வளைவு இல்லை, கோபுரம் இல்லை, கண்ணாடி ஜன்னலைப் பற்றிக் கவிதை எழுதியவர் இல்லை. வயதும் அதிகமில்லை, ஒரு மனிதன் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் வயதில் அதை இடித்துவிட்டார்கள். சென்னையில் வாலாஜா சாலைப் பக்கம், அரசினர் தோட்டத்துக்குள் அது இருந்தது. இடிக்கப்பட்டபோது அதன் பெயர் கலைவாணர் அரங்கம். அதற்கு முன்னால் பாலர் அரங்கம். அதற்கும் முன்னால், 1952 மே 3ஆம் தேதியிலிருந்து 1956 டிசம்பர் 27ஆம் தேதி வரையில், அது இந்த ராஜ்யத்தின் சட்டசபை.

இந்தக் கடைசி விஷயம் என்னுடைய நண்பர்களில் பலருக்குத் தெரியாது. படித்தவர்கள், நாளுக்கு இரண்டு பத்திரிகை பார்க்கிறவர்கள், சட்டசபை என்றால் கோட்டை என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்ததற்குக் காரணம் எங்கள் தாத்தா.

எங்கள் ஊர் சின்னாளப்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில், சிறுமலையின் நிழல் விழுகிற தூரத்தில் இருக்கிறது. திண்டுக்கல் என்றதும் பூட்டைச் சொல்லுகிறவர்கள், சின்னாளப்பட்டி என்றதும் சேலையைச் சொல்லுவார்கள். தாத்தா தறிக்காரர். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். பாட்டி தார் சுற்றுவாள். பாவு ஓட்டும் நாட்களில் தெருவே எங்கள் வீட்டுக்காரர்களுடையது. வீட்டுக்குள் பேசுவது கன்னடம். அதுவும் கன்னட நாட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால் இது என்ன பாஷை என்று திகைக்கக்கூடிய கன்னடம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே வந்தவர்கள் நாங்கள். தெருவில் தமிழ், வீட்டில் இந்தப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் அதற்காகக் கேலி செய்யப்படாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை.

தாத்தா தம் வாழ்நாளில் செய்த பெரிய பிரயாணங்கள் இரண்டு. ஒன்று, பழனிக்கு நடந்து போனது, அது பலமுறை. மற்றொன்று, 1953ஆம் வருஷ ஆரம்பத்தில் சென்னைக்குப் போய்ச் சட்டசபையைப் பார்த்துவிட்டு வந்தது. அது ஒரே முறை. பழனிப் பயணங்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. சென்னைப் பயணத்தைப் பற்றி நான் கேட்டது நூறு தடவையாவது இருக்கும்.

அது எந்த மாதிரிக் காலம் என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1952 ஜனவரியில் இந்தப் பக்கத்தில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. சொத்து இருப்பவனுக்கும் படித்தவனுக்கும் மட்டும் வோட்டு என்பது போய், 21 வயது ஆன எல்லோருக்கும் வோட்டு என்று ஆயிற்று. பிற்காலத்தைப்போல ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களும் அச்சடித்திருக்கவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம். கையில் கொடுத்த சீட்டை, வேண்டியவருடைய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். பாட்டி தன் சீட்டைப் போட்டுவிட்டு, கோயில் உண்டியலுக்குச் செய்வதுபோல அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். அதிகாரி சிரித்தாராம். தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம், "அந்த ஆளு எதுக்குச் சிரிச்சான்னு எனக்கு இன்னும் வெளங்கல" என்பார்.

அந்தத் தேர்தலில் எங்கள் ஆத்தூர்த் தொகுதியிலிருந்து போனவர் டாக்டர் சௌந்தரம் அம்மாள். டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். காந்திகிராமத்தை 1947இல் கணவர் ராமச்சந்திரனோடு தொடங்கியவர். எங்கள் ஊருக்கு அடுத்த வாசல் காந்திகிராமம். ஆகவே எங்கள் தெருவைப் பொறுத்தவரையில் சட்டசபை என்பது எங்கேயோ இருக்கிற ஒன்றல்ல. நம் டாக்டரம்மா போய் உட்கார்ந்திருக்கும் இடம்.

மொத்தம் 375 பேர் கொண்ட சபை அது. தமிழ்நாடு மட்டும் அல்ல; ஆந்திரக் கரை, ராயலசீமை, மலையாளத்தில் மலபார், கன்னடத்தில் தென் கன்னடம் எல்லாம் சேர்ந்த சென்னை ராஜ்யம். இத்தனை பேர் உட்காரக் கோட்டையில் இடம் போதாது என்றுதான் அரசினர் தோட்டத்தில் புதிதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். காங்கிரஸுக்கு 152 இடம்தான். பெரும்பான்மை இல்லை. ராஜாஜி தேர்தலிலேயே நிற்காமல் மேல்சபை வழியாக வந்து முதல் மந்திரியானார். 1952 ஜூலையில் 200க்கு 151 என்ற கணக்கில் தம் மந்திரி சபையை நிலைநிறுத்திக்கொண்டார். சபாநாயகர் ஆசனத்தில் ஜே. சிவஷண்முகம் பிள்ளை. சென்னை நகரத்துக்கு மேயராக வந்த முதல் ஹரிஜனர் அவர். இந்தச் சபைக்கும் அந்த வகுப்பிலிருந்து வந்த முதல் சபாநாயகர். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துத்தான் நான் சொல்லுகிறேன். தாத்தா சொன்னது ஒரே வாக்கியம்: "நடுவில உக்காந்திருந்தவரு நம்மள மாதிரிச் சாதாரணக் குடியில பொறந்தவருன்னாங்க. அத்தன பேரும் அவரு எந்திரிச்சா எந்திரிச்சாங்க."

தாத்தா எதற்குப் போனார்? வேடிக்கை பார்க்கப் போகவில்லை. கைத்தறிக்காரர்களுக்கு அது மிகவும் கெட்ட காலம். நெய்த துணி வீட்டில் கட்டுக்கட்டாகத் தேங்கிக் கிடந்தது. மில் துணி மலிவு; கடைக்காரர் கைத்தறியைத் தொடுவதில்லை. நூல் வாங்கப் பணம் இல்லை. தமிழ்நாட்டில் ஊர் ஊராக நெசவாளர் கஞ்சித் தொட்டிக்கு முன்னால் நின்ற சமயம். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று ராஜாஜி டில்லியோடு மன்றாடிக்கொண்டிருந்தார். 1953 ஜனவரியில் அண்ணாதுரை திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தாமே சுமந்து விற்றார். அரசியலில் எதிர் எதிராக நின்ற இரண்டு பேர் ஒரே விஷயத்துக்காகக் குரல் கொடுத்தது அந்தக் கைத்தறி விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன். கடைசியில் அந்த வருஷமே மில் துணிக்குக் கெஜத்துக்கு 3 பை தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடுவதென்று மத்திய சர்க்கார் சட்டம் செய்தது.

ஆனால் தாத்தா போனபோது அதெல்லாம் நடக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து நாலு பேர், ஒரு மகஜரை எழுதி எடுத்துக்கொண்டு ரெயில் ஏறினார்கள். மூன்றாம் வகுப்பு, 400 கிலோமீட்டருக்கு மேல். எழும்பூரில் இறங்கி, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு நடந்தார்கள். மகஜரை யாரிடமோ கொடுத்தார்கள். அதற்கு என்ன ஆயிற்று என்பது இந்தக் கதையில் இல்லை, தாத்தாவின் கதையிலும் இல்லை. கொடுத்த பிறகு, காந்திகிராமத்து மனிதர் ஒருவர் சீட்டு வாங்கிக் கொடுத்து, சபை நடப்பதைப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோ.

அங்கே அவர் கண்டதில் முதலாவது, செருப்பு. "செருப்ப வெளிய விடணுமான்னு கேட்டேன். போட்டுக்கிட்டே வாங்கன்னான்." இரண்டாவது, மின்சார விசிறி. மூன்றாவதுதான் முக்கியம். பேசுகிறவர்களில் பாதிப் பேர் இங்கிலீஷில் பேசினார்கள், அது புரியவில்லை. தமிழில் பேசினார்கள்; புரிந்தது. தெலுங்கில் ஒருவர் கோபமாகப் பேசினார். எங்கள் பக்கத்துத் தெரு தெலுங்கை வைத்துக்கொண்டு அதையும் பாதி பிடித்துக்கொண்டார். அப்புறம் ஒருவர் எழுந்தார். மங்களூர்ப் பக்கத்து மெம்பராம். பாக்கு விவசாயத்தைப் பற்றியோ பாக்கு விலையைப் பற்றியோ பேசினார். அவர் பேசியது கன்னடம்.

"நாலு வார்த்தையில ரெண்டு நம்ம வீட்டு வார்த்தை பாத்துக்க. நம்ம அம்மா அடுப்படியில பேசின வார்த்தை. அத அந்த ஆளு மைக்கு வச்சு, ராஜாஜிக்கு முன்னால பேசறாரு. ஒருத்தரும் சிரிக்கல."

இதைச் சொல்லி முடித்ததும் தாத்தா கொஞ்ச நேரம் பேசமாட்டார். தறிக்குள் நாடாவை வீசுவார். அந்தச் சப்தம்தான் கதையின் முற்றுப்புள்ளி.

நான் நாவல் எழுதுகிறவன். ஒரே கதையை ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வளரும் என்பது எனக்குத் தெரியும். தாத்தாவின் இந்தக் கதை வளரவில்லை. கேலி செய்யப்பட்ட தம்முடைய வீட்டுப் பேச்சு ஒரு ராஜ்யத்தின் சபையில் மரியாதையாக உலவுவதை ஒரு மணி நேரம் பார்த்தார். அதற்குமேல் அதில் சேர்க்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நிலைமையும் நீடிக்கவில்லை. பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15ஆம் தேதி உயிர்விட்டிருந்தார். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பரில் மலபாரும் தென் கன்னடமும் போயின. பாஷை வாரியாகப் பிரிந்தது சரியா தப்பா என்று நான் இங்கே வழக்காடப் போவதில்லை. சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும், வயது வந்தவர் எல்லோரும் வோட்டுப் போட்டு அனுப்பிய நாலு பாஷைக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சண்டை போட்ட மண்டபம் அது.

அந்த மண்டபத்தில் நடந்த இன்னொரு காரியமும் எங்கள் வீட்டைத் தொட்டது. 1953இல் ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நாள் படிப்பு, மீதி நாள் பிள்ளைகள் வீட்டில் தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். எங்கள் அப்பாவுக்கு அப்போது 5 வயது. தாத்தா ராஜாஜியிடம் மிகுந்த பக்தி உள்ளவர். கைத்தறிக்காக டில்லியோடு மல்லுக்கு நின்றவர் அல்லவா? ஆனால் இந்தத் திட்டத்தைக் கேட்டதும் அவருக்கு வயிற்றைக் கலக்கியது. தம் மகன் குழித்தறியில் கால் இறக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் வைத்திருந்த ஆசை. ஜூலை மாதம், திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானத்தின்மேல் சபையில் வோட்டு எடுத்தார்கள். 138க்கு 138. சமமாக நின்றது. டீக்கடையில் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க, தாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். "இழை அறுகிற மாதிரி இருந்துச்சு" என்பார். திட்டத்தை நிறுத்தி வைத்து நிபுணர்களிடம் விடலாம் என்ற தீர்மானம் மட்டும் இரண்டே வோட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அடுத்த வருஷம் ராஜாஜி விலகினார். காமராஜ் வந்து, 1954 மே மாதத்தில் திட்டத்தையே எடுத்துவிட்டார். எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியாரானார். நான் இதை மேஜையின்முன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

1957 ஏப்ரல் கடைசியில் சட்டசபை மறுபடி கோட்டைக்கே போய்விட்டது. 375 பேர் சபை சுருங்கிவிட்டதால் கோட்டை போதுமாயிற்று. இந்தச் சபை குடிமாறியதைப் பார்த்தால், சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். 1937இல் கடற்கரையில் சர்வகலாசாலையின் செனட் மண்டபம், 1938இல் விருந்து மண்டபம், அதாவது பின்னாளைய ராஜாஜி மண்டபம், சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் கோட்டை, 1952இல் அரசினர் தோட்டம், 1957இல் கோட்டை, 1959 ஏப்ரலில் பத்து நாள் வெயிலுக்குப் பயந்து உதகமண்டலத்து அரண்மூர் அரண்மனை! வீட்டுக்காரர் தொல்லை இல்லாமலேயே இத்தனை மாற்றம்.

காலியான மண்டபத்தைக் குழந்தைகளுக்காகப் பாலர் அரங்கம் ஆக்கினார்கள். பிற்பாடு என். எஸ். கிருஷ்ணன் பெயரால் கலைவாணர் அரங்கம் ஆக்கினார்கள். இதில் எனக்கு வருத்தம் இல்லை. சட்டசபை அங்கிருந்து கிளம்பிய அதே 1957இல் கலைவாணர் காலமானார். சிரிக்க வைத்துக்கொண்டே ஜனங்களுக்குப் புத்தி சொன்னவருடைய பெயரைப் பழைய சட்டசபைக்கு வைத்தது பொருத்தம் என்றுகூடச் சிலர் கேலியாகச் சொல்லலாம். நான் கேலியில்லாமலே சொல்லுவேன். வருத்தம் வேறு. ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும், உள்ளே மாற்றிக் கட்டியபோதும், பழைய சங்கதி கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்கப்பட்டது. சுவர் இடிபடுவதற்கு வெகு காலம் முன்பே அந்தச் சட்டசபை இடிந்துவிட்டது.

இதை நான் கண்ணால் பார்த்தேன். 1997 என்று ஞாபகம். சென்னையில் இருந்த மாமா வீட்டுக்கு ஒரு கலியாணத்துக்காகப் போயிருந்தோம். மாமா ஒரு சாயங்காலம் எங்களைக் கலைவாணர் அரங்கத்துக்கு ஒரு நாடகம் பார்க்க அழைத்துப் போனார். தாத்தாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, கண் மங்கல். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நின்றுவிட்டார். தூரத்தில் ராஜாஜி மண்டபத்தின் அகலமான படிக்கட்டைக் காட்டி, "அது அப்ப இருந்துச்சே" என்றார். அப்புறம் அரங்கத்தைப் பார்த்தார். மறுபடி படிக்கட்டைப் பார்த்தார்.

"ஏப்பா, இதுதானப்பா அது" என்றார்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர். 25 வருஷமாக அந்த வழியாகப் போய் வருகிறவர். "எது?" என்றார்.

தாத்தா பதில் சொல்லாமல் உள்ளே போனார். நாடகம் ஆரம்பிக்க நேரம் இருந்தது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தார். மேடையைப் பார்த்தார், திரும்பி நின்று பின்பக்கத்தைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். எதுவும் பிடிபடவில்லை. தாம் எங்கே உட்கார்ந்திருந்தோம், மங்களூர்க்காரர் எங்கே நின்றார் என்று காட்ட வேண்டுமென்று அவருக்கு ஆசை. காட்ட முடியவில்லை. வாசலில் இருந்த காவலாளியிடம் போய், "தம்பி, இது சட்டசபையா இருந்துச்சுல்ல?" என்று கேட்டார்.

காவலாளி நல்ல மனிதன். "சட்டசபை கோட்டையில பெரியவரே. இது டிராமா, மீட்டிங் நடக்கற எடம்" என்று பொறுமையாகச் சொல்லி, கோட்டைக்குப் போகும் பஸ் நம்பரையும் சொன்னான்.

நாடகம் ஹாஸ்ய நாடகம். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தாத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நாடகத்தைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ஆட்டோவில், "ஒரு கல்லு வச்சு எழுதிப் போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். உள்ளே எங்கேனும் அப்படி ஒரு கல்வெட்டு பதித்திருந்தால், அன்று அது எங்கள் கண்ணில் படவில்லை.

தாத்தா 2003இல் போய்விட்டார். இடிப்பதைப் பார்க்கவில்லை.

2008இல் அரசினர் தோட்டத்தில் புதிய சட்டசபையும் தலைமைச் செயலகமும் கட்டத் தீர்மானமாயிற்று. ஜெர்மனிக் கம்பெனி ஒன்று வரைபடம் தயாரித்தது. முதலில் பழைய கவர்ன்மெண்ட் ஹவுஸ் இடிபட்டது. 1753இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு போர்த்துக்கீசியக் குடும்பத்துச் சீமாட்டியிடமிருந்து வாங்கி, கவர்னர்கள் பெருக்கிப் பெருக்கிக் கட்டிக்கொண்ட மாளிகை அது. அதற்காகப் பலர் வருந்தினார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள், பழைய படங்களைப் போட்டார்கள். வருந்த வேண்டியதுதான். அதே வேலைகளின்போது கலைவாணர் அரங்கமும் தரைமட்டமாயிற்று. அதற்கு வருந்தியவர்களை விரல்விட்டு எண்ணலாம். வெள்ளைக்கார கவர்னர் படுத்து உறங்கிய வீட்டுக்கு இருநூறு வயது; ஆகவே சரித்திரம். எங்கள் பாட்டி கண்ணில் ஒற்றிக்கொண்ட பெட்டியிலிருந்து பிறந்த முதல் சபை உட்கார்ந்த மண்டபத்துக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை. ஆகவே பழைய கட்டடம். இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

ராஜாஜி மண்டபம் தப்பியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை வென்றதைக் கொண்டாட 1802இல் கட்டி முடித்த விருந்து மண்டபம் அது. திண்டுக்கல் மலைக்கோட்டை அந்தத் திப்புவின் கையில் இருந்தது. 1790இல்தான் கம்பெனிக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். எங்கள் ஊர் மலையைப் பறிகொடுத்தவனைத் தோற்கடித்த சந்தோஷத்தில் எழுப்பிய மண்டபத்தில்தான், பின்னால் அண்ணாவையும் எம்.ஜி.ஆரையும், 2016இல் ஜெயலலிதாவையும், 2018இல் கருணாநிதியையும் ஜனங்கள் கடைசியாகப் பார்த்தார்கள். கட்டினவர்கள் நினைத்தது ஒன்று, கட்டடம் செய்தது வேறு.

புதிய சட்டசபையின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. 2010 மார்ச் 13ஆம் தேதி பிரதம மந்திரி மன்மோகன் சிங் வந்து திறந்து வைத்தார். உச்சியில் கோபுரம் முடியவில்லை. திறப்பு விழாவுக்காகச் சினிமாக் கலை இயக்குநரைக் கொண்டு ஒரு தற்காலிகக் கோபுரம் செய்து வைத்தார்கள். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. சபை கோட்டைக்கே திரும்பிவிட்டது. கட்டடம் ஆஸ்பத்திரி ஆயிற்று. 2014 பிப்ரவரியில் திறந்தார்கள். ஒரு சட்டசபையை இடித்து இன்னொரு சட்டசபை கட்டி, அதில் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவது என்பதை நான் நாவலில் எழுதினால், நம்பும்படி இல்லை என்று பத்திரிகையாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கோபத்தோடு எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் 2016இல் எங்கள் பெரியம்மாவுக்கு இருதயத்தில் அடைப்பு. அந்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். பன்னிரண்டு நாள் இருந்தோம். காசு வாங்கவில்லை. என் பக்கத்தில் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் தருமபுரி, திருவண்ணாமலை, ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். மந்திரிகளுக்காகப் போட்ட வழவழப்பான கல் தளத்தில் அவர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டார்கள். பெரியம்மா பிழைத்து ஊருக்கு வந்து, இப்போதும் மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். இதற்குமேல் அந்தக் கட்டடத்தைப் பார்த்து நான் பல்லைக் கடிக்க முடியுமா? தாத்தா இருந்தால் அவரும் கடித்திருக்கமாட்டார். ஆனால் ஆஸ்பத்திரி கட்டுவதற்காகவா பழைய மண்டபத்தை இடித்தார்கள்? இல்லையே. நல்லது பின்னால் வந்து சேர்ந்தது. அது வந்ததால் முன்னால் செய்தது சரியாகிவிடாது.

அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு மத்தியானம் நான் வாலாஜா சாலைப் பக்கமாக நடந்து போய்ப் பார்த்தேன். பழைய இடத்தில் புதிய கலைவாணர் அரங்கம் எழுந்திருந்தது. அந்த வருஷந்தான் திறந்தார்கள். பெரியது, உயரமானது, பளபளப்பானது. உள்ளே ஏதோ மாநாடு. அடையாள அட்டை இல்லாதவன் உள்ளே போக முடியாது என்றார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டே வாங்க என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

மற்ற தேசங்களில் என்ன செய்கிறார்கள்? 1941 மே மாதத்தில் ஜெர்மானியர் குண்டு போட்டு லண்டன் காமன்ஸ் சபை மண்டபத்தை அழித்தார்கள். அங்கத்தினர் எல்லோரும் உட்கார இடம் போதாத மண்டபம் அது. பெரிதாகக் கட்டிக்கொள்ள நல்ல சந்தர்ப்பம். சர்ச்சில் கேட்கவில்லை, பழைய அளவிலேயே, பழைய உருவத்திலேயே கட்டி, 1950இல் திறந்தார்கள். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தார் வேறு ரகம்: 1871இல் கட்டிய நகர மண்டபத்தை 1961இல் இடித்து, அடியில் கார்களை நிறுத்த இடம் செய்துகொண்டார்கள். அதன் சுவரில் நின்ற நாலு சிலைகளைக் காப்பாற்றி வேறிடத்தில் வைத்தார்கள். நாம் இங்கிலீஷ்காரரைப் போலச் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. டெட்ராய்ட்காரர் செய்த அளவாவது செய்திருக்கலாம். சபாநாயகர் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு அடையாளம், அந்த 375 பெயர்கள், எல்லோரும் பார்க்கும்படி ஒரு பலகை. செலவு அதிகமில்லை. தற்காலிகக் கோபுரத்துக்கு ஆன செலவில் நூறு பலகை வைக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், சபை தானாகவே ஒருமுறை அந்த இடத்துக்குத் திரும்பி வந்தது. 2020இல் கொள்ளை நோய் பரவியபோது, இடைவெளி விட்டு உட்காரக் கோட்டையில் இடம் போதாது என்று, அந்த செப்டம்பரில் புதிய கலைவாணர் அரங்கத்தில் சட்டசபை கூடியது. 2021 மே 11ஆம் தேதி, தேர்தலில் வென்ற புதிய அங்கத்தினர்கள் அங்கேதான் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள். நான் சின்னாளப்பட்டி வீட்டில் டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். 64 வருஷம் கழித்து அதே மண்ணில். அதே காரணம்கூட: கோட்டையில் இடம் போதவில்லை!

"உங்க தாத்தா இருந்தா, பாஸ் வாங்கணும்னு ரெயில் ஏறியிருப்பாரு" என்றார் அப்பா.

"அங்க யாரையும் உள்ள விட மாட்டாங்கப்பா, நோய்க் காலம்" என்றேன்.

"அவருக்கு அதெல்லாம் தெரியாது" என்றார் அப்பா, டெலிவிஷனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நாட்களுக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை பிடித்துக்கொண்டது. பழைய சட்டசபை நடவடிக்கைகளை அச்சடித்த தொகுதிகள் இருக்கின்றன. சென்னையில் ஒரு நண்பர் உதவியால் 1953ஆம் வருஷத்துப் பக்கங்களை வாங்கிப் படித்துக்கொண்டு வருகிறேன். தாத்தாவுக்குத் தேதி ஞாபகம் இருந்ததில்லை. மாசி மாதம், பட்ஜெட் சமயம் என்பார், மகஜர் எழுதியவருக்கு அன்று ஜலதோஷம் என்பார், அவ்வளவுதான். மங்களூர்ப் பக்கத்து அங்கத்தினர், பாக்கு — இந்த இரண்டு நூலைப் பிடித்துக்கொண்டு போகிறேன். பெரும்பாலும் ஒட்டுத் தீர்மானங்களும், கிணறு வெட்டக் கடனும், பாலம் எப்போது முடியும் என்ற கேள்விகளும்தான். அலுப்பாகத்தான் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் எனக்கு அலுக்கவில்லை. அநேகமாக எல்லாப் பக்கத்திலும் எங்காவது ஒரு ஊர்ப்பெயர் வருகிறது. அந்த ஊர்க்காரன் ஒருவன் மேலே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பானோ என்று தோன்றுகிறது.

நாளுக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். மார்ச் மாதம் இரண்டாவது வாரம் வரையில் வந்திருக்கிறது. பாக்கு இன்னும் வரவில்லை.